புலியூரும் புண்டரீகமும்



விழாக் காலங்களில் நாம் திருக்கோயிலுக்கு வெறுங்கையோடு செல்வதில்லை. தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, கற்பூரம் ஆகியவற்றோடு இயன்ற மலரையும் எடுத்துச் செல்கிறோம். அம்மலர்களுள் தாமரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. சந்நிதித் தெருவில் ஈரச் சாக்கின்மேல் பரப்பி விற்கப்படும் தாமரை மொட்டுகளுள் நல்லதொன்றைத் தேர்ந்து வாங்கி, அருச்சகர் கையில் கொடுத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று எண்ணி விடுகிறோம். அம்மலர் எங்ஙனம் வளர்ந்தது, நம் பெரியோர் அதனை ஏன் இத்துணை உயர்வாகப் போற்றினர், அதனைக் கொடுத்த நாம் அதனிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது யாது என்பவற்றைச் சிந்திப்பவர் சிலரே. அச்சிந்தனைக்கு உரிய இடங்கள் தில்லையும் கடலூரும் ஆகும். ஏன் என்பதை முறையே காண்போம்.

பெயரில் நிற்கும் மலர்

சிதம்பரத்துக்கு வழங்கும் பெயர்கள் பல. தில்லை என்பது ஒன்று. பெரும்பற்றப்புலியூர் என்பது மற்றொன்று. புண்டரீகபுரம் என்பதும் பழைய பெயரே. தில்லை என்பது ஒரு மரத்தின் பெயர். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்து உப்பங்கழிகளில் அம்மரம் இன்றும் வளர்கின்றது. உவர்நீர்ச் சேற்றில் வேரூன்றி வாழ்வது அது. அதன் பால் தோலிற் பட்டால் கொப்புளம் எழும். கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு நேரும். புண்டரீகம் என்பது தாமரை, சிறப்பாக வெண்டாமரை. இது நன்னீர்ச் சேற்றில் வேரூன்றி வாழ்வது. ஆக, ஒரே தலத்தின் இரு பெயர்கள் சேற்றில் பிறந்த இரு தாவரங்களைச் சுட்டுகின்றன. ஒன்று நச்சுப் பால் உடையது. மற்றொன்று தேன் உடையது. இரண்டிற்கும் நடுவே ஆடுபவன் கூத்தப் பெருமான். நஞ்சை உண்டவனுக்கும் தேன்மலர் சூடுபவனுக்கும் உரிய ஊருக்கு இப்பெயர்கள் பொருந்துவனவே அன்றோ?

புண்டரீகம் என்னும் சொல்லுக்குப் புலி என்னும் பொருளும் உண்டு. எனவே புண்டரீகபுரம் என்றால் தாமரையூர் என்றும் கொள்ளலாம். புலியூர் என்றும் கொள்ளலாம். இவ்விரு பொருளும் சந்திக்கும் இடம் வியாக்கிரபாத முனிவரின் வரலாறு. விடிந்தபின் பறித்தால் வண்டு தொட்ட மலராகிவிடும். விடியுமுன் பறிக்கச் சென்றாலோ வழி தெரியாது, பனியில் மரம் வழுக்கும். ஆதலின் இருளில் காணும் கண்ணும், வழுக்காது ஏறப் புலியின் காலும் கையும் வேண்டும் என்று இறைவனிடம் வரம் வேண்டினார் அம்முனிவர். உமாபதி சிவாசாரியார் அருளிய கோயிற்புராணம் இவ்வரலாற்றை விரித்துரைக்கின்றது. அழகிய உருவம் வேண்டும் என்று வரம் கேட்பார் உண்டு. நல்ல மலர் பறிப்பதற்காகத் தம் உருவம் விலங்கின் உருவாக மாறினும் மாறுக என்று கேட்டவர் இவர். மலர்வழிபாட்டின் உயிர் எங்கே உள்ளது என்பதை இவ்வொரு வேண்டுகோளே காட்டிவிடுகின்றது.

புலிக்கால் முனிவர் வழிபட்ட தலங்கள் புலியூர் எனப் பெயர் பெற்றன. பெரும்பற்றப்புலியூர், திருப்பாதிரிப்புலியூர், எருக்கத்தம்புலியூர், ஓமாம்புலியூர் ஆகியவை அனைத்தும் இன்றைய கடலூர் மாவட்டத்திலேயே உள்ளன. இவற்றுள் பாதிரியும் எருக்கும் பூவின் பெயர்களாக இருப்பதையும் அன்பர்கள் உளங்கொள்ளுதல் வேண்டும்.

சேற்றில் வேரும் வெயிலில் மலரும்

தாமரைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பொருள் நிறைந்தவை. பங்கம் என்றால் சேறு. சேற்றில் பிறத்தலின் பங்கயம் என்றனர். நீரில் பிறத்தலின் சலசம், அம்புயம் என்றனர். காம்பில் சிறு முட்கள் உடைமையின் முளரி என்றனர். அதன் உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. காம்பு நாளம் எனப்படும். புறத்தே விரிவது இதழ். இதழ்களுக்கு உள்ளே நூல்போல் சூழ்ந்து நிற்பது கேசரம். நடுவே காய் தாங்கும் பகுதி பொகுட்டு. இவ்வுறுப்புகள் பின்னர் நம் சித்தாந்த நூல்களில் எவ்வாறு பொருள் பெறுகின்றன என்பதைக் காணவிருப்பதால் இப்பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வோமாக.

அல்லி, ஆம்பல், குவளை ஆகியவற்றையும் தாமரையையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று முற்காலத் தாவர நூலார் எண்ணினர். பார்வைக்கு அவ்வாறே தோன்றும். எனினும் உற்று நோக்கினால் வேறுபாடு புலனாகும். அல்லியின் இலை நீரின்மேல் படிந்து கிடக்கும். அதன் ஓரத்தில் ஒரு பிளவு காணப்படும். தாமரையின் முதல் இலைகள் நீரில் மிதப்பினும், பின்னர்த் தோன்றும் இலைகள் நீருக்கு மேலே எழுந்து குடைபோல் நிற்கும். அவற்றில் பிளவு இல்லை. மரபணுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்த இக்கால அறிஞர்கள் தாமரைக்கும் அல்லிக்கும் நெருங்கிய உறவு இல்லை என்று தெளிந்துள்ளனர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரம் தாமரைக்கு அல்லியைவிட நெருங்கிய உறவாம். ஒரே குளத்தில் வாழ்வதனால் மட்டும் உறவு உண்டாவதில்லை என்பதும், தோற்றம் ஒன்றாயினும் இயல்பு வேறாகலாம் என்பதும் இதனால் விளங்குகின்றன.

தாமரையின் கிழங்கு சேற்றுக்குள் கிடைமட்டமாக ஓடுகின்றது. அச்சேற்றில் காற்று இல்லை. ஆயினும் கிழங்கு அழுகுவதில்லை. ஏன் எனின், இலையிலிருந்து காம்பின் வழியே கிழங்கு வரையில் நீண்ட காற்றுக் குழாய்கள் செல்கின்றன. தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தவர் அதன் துளைகளையும், ஒடித்த இடத்தில் இழுபடும் மெல்லிய நூலையும் கண்டிருப்பர். மேலே வெயிலில் நிற்கும் இலை, கீழே இருளில் கிடக்கும் வேருக்கு உயிர்ப்பு அனுப்புகின்றது. கீழே கிடக்கும் வேர், மேலே நிற்கும் மலருக்கு உணவு அனுப்புகின்றது. சேற்றைத் தாமரை வெறுத்து ஒதுக்கவில்லை. அதிலேயே ஊன்றி நிற்கின்றது. ஆனால் அதிலேயே தங்கிவிடவும் இல்லை.

நீர் எவ்வளவு உயர்கின்றதோ அவ்வளவு தாமரைத் தண்டும் நீளும். ஊக்கத்தின் அளவே உயர்வு என்பதற்குத் திருவள்ளுவர் இதனையே உவமையாக எடுத்தார். நீர் சிறிது சிறிதாக உயருமாயின் தண்டும் உடன் உயர்ந்து மலரை மேலே தாங்கும். துன்பம் வரும்போது மூழ்கிப் போகாமல், அத்துன்பத்தின் அளவுக்குத் தன்னையும் உயர்த்திக்கொள்ளும் உயிருக்கு இது தக்க பாடம்.

ஒட்டாத இலை

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். பற்றற்ற வாழ்வுக்கு அதனை உவமையாகக் கூறாத நாவலர் இலர். ஆயினும் ஏன் ஒட்டுவதில்லை என்பது அண்மைக் காலம் வரையில் தெளிவாக விளங்காதிருந்தது. ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் என்பார் பல செடிகளின் இலைகளை மின்னணு நுண்பெருக்கியால் ஆராய்ந்தார். 1997-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய துணைவரும் வெளியிட்ட கட்டுரை தாமரையிலையின் தூய்மையை உலகறியச் செய்தது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் அவ்விலையின் மேற்பரப்பு உண்மையில் கண்ணுக்குப் புலனாகாத சிறு மேடுகளால் நிறைந்துள்ளது. ஒவ்வொரு மேட்டின்மீதும் மெழுகுத் துகள் போர்த்தப்பட்டுள்ளது. நீர்த்துளி அம்மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டு நிற்பதால் பரவ இயலாமல் முத்துப்போல் திரண்டு உருள்கின்றது. உருளும்போது இலைமேல் கிடந்த தூசியையும் தன்னோடு எடுத்துச் செல்கின்றது. சுவர் வண்ணங்கள் முதலியவற்றில் இத்தன்மையை அமைக்கும் தொழில்நுட்பம் இக்காலத்தில் 'தாமரை விளைவு' என்னும் பெயராலேயே வழங்குகின்றது.

இவ்வுண்மை நமக்கு இரு கருத்துகளைத் தருகின்றது. தாமரையிலை நீரை விட்டு விலகி ஓடவில்லை. நீரின் நடுவிலேயே இருக்கின்றது. ஒட்டாமை வேறு, விலகி ஓடுதல் வேறு. இல்லறத்தில் இருந்துகொண்டே சிவத்தொண்டு புரிந்த நாயன்மார் பலரும் இவ்வகையினர். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டர் மண்ணோடு நாளெல்லாம் பழகிய குயவர். அவர் கையில் மண் ஒட்டியது, உள்ளத்தில் ஒட்டவில்லை. இஃது ஒரு கருத்து. மற்றொன்று, எந்த நீர் இலைமேல் விழுகின்றதோ அந்த நீரே இலையைத் தூய்மை செய்கின்றது என்பது. உலகியலில் நம்மேல் வந்து விழும் இன்ப துன்பங்களும் அத்தகையனவே. அவற்றை நம்முள் ஊறவிட்டால் அழுக்காகும். உருண்டோட விட்டால் முன்னிருந்த அழுக்கையும் கொண்டு போகும். இருவினை ஒப்பு என்று நம் நூல்கள் கூறும் நிலையின் தொடக்கம் இதுவே எனலாம்.

மலரின் வெம்மையும் வித்தின் பொறுமையும்

தாமரை காலையில் மலர்ந்து பிற்பகலில் குவியும். இவ்வாறு சில நாட்கள் மலர்ந்தும் குவிந்தும் நின்று, பின்னர் இதழ் உதிர்க்கும். இம்மலர் தன்னுள் தானே வெம்மையை உண்டாக்கிக் கொள்கின்றது என்பது வியக்கத்தக்க செய்தி. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத் தாவரப் பூங்காவில் இருந்த தாமரைகளை ஆராய்ந்த ரோஜர் சீமோர் முதலியோர் 1996-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். புறத்தே காற்றின் வெப்பம் 10 பாகையாகக் குறைந்த போதும் மலரின் உள்ளே வெப்பம் 30 பாகைக்குக் குறையாமல் இருந்ததாம். நாம் உடல் வெப்பத்தைக் காப்பது போலவே மலரும் தன் உள்வெப்பத்தைக் காக்கின்றது. பூச்சிகள் அவ்வெம்மையை நாடி வந்து தங்குகின்றன. புறத்தே எவ்வளவு குளிர்ந்தாலும் அகத்தே குறையாத வெம்மை உடையது அன்பு. அடியார் நெஞ்சைத் தாமரை என்று கூறிய முன்னோர் இவ்வளவை எண்ணிக் கூறினரோ, அறியோம். எனினும் அவர்தம் சொல் பொருந்தியே நிற்கின்றது.

மலரினும் வியப்புடையது வித்து. தாமரையின் விதையுறை கல்போல் கடினமானது. ஜப்பான் நாட்டில் சிபா என்னும் இடத்தில் 1951-ஆம் ஆண்டில் தோண்டி எடுக்கப்பட்ட பழந்தாமரை விதை ஒன்றை இச்சிரோ ஓகா என்னும் அறிஞர் முளைக்கச் செய்தார். அது மறு ஆண்டு மலர்ந்தது. சீன நாட்டின் வடகிழக்கில் வறண்டுபோன ஏரிப்படுகையில் கிடைத்த விதை ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையுடையது என்று கணக்கிடப்பட்டது, அதுவும் முளைத்தது. இச்செய்தி 1995-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்துணைக் காலம் நீரும் ஒளியும் இன்றிக் கிடந்த உயிர், உரிய காலம் வந்ததும் கண் விழித்தது.

இதனைக் கேட்டதும் தில்லையில் நிகழ்ந்த ஒன்று சைவர்களாகிய நம் நினைவுக்கு வருதல் இயல்பு. மூவர் அருளிய தேவாரத் திருப்பதிகங்கள் எழுதிய ஏடுகள் பொன்னம்பலத்தின் அருகே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. ஏடுகளைப் புற்று மூடியது, செல் அரித்தது. சோழ மன்னனும், காட்டுமன்னார்கோயிலை அடுத்த திருநாரையூரில் தோன்றிய நம்பியாண்டார் நம்பியும் வந்து அவ்வறையைத் திறப்பித்தனர். அழிந்தவை போக எஞ்சியவை நமக்குக் கிடைத்தன என்று திருமுறை கண்ட புராணம் கூறும். சேற்றில் கிடந்த தாமரை வித்தும், புற்றில் கிடந்த திருப்பதிகமும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. உள்ளே உயிர் இருக்குமாயின் காலம் அதனை மறைக்கலாம், அழிக்க இயலாது.

கடலூர்க் கரையில்

இனிக் கடலூருக்கு வருவோம். திருவாமூரில் பிறந்து, திலகவதியார் தவத்தால் திருவதிகையில் ஆட்கொள்ளப்பெற்றவர் திருநாவுக்கரசர். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமானைப் பல்லவ மன்னன் சுண்ணாம்பு நீற்றறையில் இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான். இறுதியில் கல்லோடு பிணித்துக் கடலில் எறிவித்தான். அப்போது அவர் பாடியது நான்காம் திருமுறையில் உள்ள நமச்சிவாயத் திருப்பதிகம். கல் தெப்பமாயிற்று; அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர். இன்றைய கடலூர் நகரின் ஒரு பகுதியாக விளங்குவது அத்தலம். கரையேறவிட்டகுப்பம் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அந்நிகழ்ச்சியை நினைவூட்டிக் கொண்டிருக்கின்றது. முன்பு தருமசேனர் என்னும் பெயரோடு அவர் தங்கியிருந்த பாடலிபுத்திரம் என்பது இத் திருப்பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. அவ்வாறாயின், எந்த ஊரை விட்டு நோயோடு இரவில் வெளியேறினாரோ அந்த ஊரிலேயே அடியார் கூட்டம் எதிர்கொள்ளக் கரையேறினார் எனல் வேண்டும்.

அத்திருப்பதிகத்தின் இரண்டாம் பாடலை அன்பர்கள் பலமுறை ஓதியிருப்பீர்கள். பூக்களுக்கெல்லாம் அணிகலமாவது எது, பசுவுக்கு அணிகலமாவது எது, அரசனுக்கு அணிகலமாவது எது, நாவுக்கு அணிகலமாவது எது என்று நான்கினை அப்பாடல் முறைப்படுத்துகின்றது. பூக்களுக்குத் தாமரை, பசுவுக்கு அரன் ஆடும் ஐந்து, அரசனுக்குக் கோணாத நீதி, நாவுக்குத் திருவைந்தெழுத்து. இதனைப் பாடியவர் எந்நிலையில் இருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். உடம்பு கல்லோடு கட்டப்பட்டிருக்கின்றது. சுற்றிலும் கடல். கோணிய அரசன் ஆணையால் அந்நிலை நேர்ந்தது. அந்நேரத்தில் அவர் நெஞ்சில் தோன்றிய முதல் அணி தாமரை மலர். நீரில் அமிழ்ந்து போகாத மலரை, நீரில் அமிழ்த்தப்பட்ட ஒருவர் நினைக்கின்றார். அரசனைப் பழித்து ஒரு சொல்லும் கூறாமல், நீதியே அரசனுக்கு அழகு என்று மட்டும் கூறிவிட்டு நமச்சிவாயத்துக்குச் சென்றுவிடுகின்றார். சேற்றின் நடுவில் நின்றும் சேறு படாத மலர் எது என்று கேட்பார்க்கு அப்பர் பெருமானின் அந்நாளைய நெஞ்சே விடையாகும்.

திருப்பாதிரிப்புலியூரின் தலமரம் பாதிரி. பூசைக்குரிய அட்ட புட்பங்கள் எனப் பெரியோர் வகுத்த எட்டு மலர்கள் புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன. இவற்றுள் பாதிரி கடலூரின் தலமலர். எருக்கு எருக்கத்தம்புலியூரின் பெயரில் நிற்பது. தாமரை புண்டரீகபுரத்தின் பெயரில் நிற்பது. இவை எட்டும் புறமலர்கள். இவற்றுக்கு ஈடாக அகமலர்கள் எட்டும் உண்டு. கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்பன அவை. புறமலர் எட்டினையும் கடையில் வாங்கலாம். அகமலர் எட்டும் எக்கடையிலும் கிடைப்பன அல்ல; அவரவர் நெஞ்சக் குளத்திலேயே மலர்தல் வேண்டும்.

நெஞ்சத் தாமரை

திருமால் நாள்தோறும் ஆயிரம் தாமரை மலர்களால் சிவபெருமானை வழிபட்டார் என்பது திருவீழிமிழலைத் தல வரலாறு. ஒருநாள் ஒரு மலர் குறைந்தது. தேடிச் செல்ல நேரம் இல்லை. தாமரை போன்ற தம் கண்ணையே இடந்து அருச்சித்தார், சக்கரம் பெற்றார். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது மலர்கள் குளத்திலிருந்து வந்தன. நிறைவு செய்த ஒரு மலர் தம்மிடமிருந்து வந்தது. மலர்வழிபாடு முடிவில் வந்து சேரும் இடம் இதுவே. புறத்தே பறித்த மலர், கொடுப்பவன் தன்னையே கொடுக்கும் வரையில் நிறைவு பெறுவதில்லை.

இதனாலேயே நம் நூல்கள் நெஞ்சினைத் தாமரை என்றன. சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாம் பகுதி, உடம்பாகிய நகரத்துள் தாமரை வடிவான சிறு வீடு ஒன்று உண்டு என்றும், அதனுள் நுண்ணிய வெளி உண்டு என்றும், அவ்வெளியினுள் இருப்பதையே தேடி அறிதல் வேண்டும் என்றும் கூறுகின்றது. அறிவாகிய வெளி என்பதே சிதம்பரம் என்னும் சொல்லின் பொருள். தாமரையும் வெளியும் ஒருங்கே அமைந்த இடம் இதயம். ஆதலின் அண்டத்துக்கு இதயமாகத் தில்லையைக் கூறினர். புண்டரீகபுரம் என்னும் பெயரின் உள்ளுறை இப்போது தெளிவாகும். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவன் மலர்மேல் சென்றவனாகக் கூறப்படும் இடத்தில், அம்மலர் நினைப்பவருடைய உள்ளத் தாமரையே என்று பரிமேலழகர் உரை கண்டதும் இக்கருத்துப் பற்றியே.

யோக நூல்கள் ஆறு ஆதாரங்களையும் தாமரைகளாகக் கூறி, இதயத்தில் உள்ள தாமரைக்குப் பன்னிரண்டு இதழ் என்னும். சிவபூசை முறையில் இதய கமலத்துக்கு எட்டு இதழ் கொள்வது மரபு. எண் வேறுபடுவது நோக்கும் முறையால், இடம் ஒன்றே. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் ஒன்பதாம் சூத்திரம், இதயத்தைப் பூசைத்தானம் என்றும், உந்தியை ஓமத்தானம் என்றும், புருவ நடுவைத் தியானத்தானம் என்றும் கொள்ளும் அகப்பூசையை உணர்த்துகின்றது. அங்கே மண் முதலாகிய தத்துவங்கள் தாமரையின் நாளமாகின்றன. வித்தியா தத்துவங்கள் இதழ்களாகின்றன. அவற்றுக்கு மேலான தூய தத்துவங்கள் உள்ளுறுப்புகளாகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இறைவன் திருவடி நிற்கின்றது. முன்னர் நாம் கண்ட தாவரத்தின் அமைப்பினை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக. கீழே மண், மேலே மலர், அதன்மேல் திருவடி. மண் இன்றி நாளம் இல்லை. நாளம் இன்றி மலர் இல்லை. நம் உடம்பும் கருவிகளும் இழிந்தன என்று எறிந்துவிடத் தக்கன அல்ல. அவையே திருவடியைத் தாங்கும் தண்டாகும்.

நடராசர் திருவுருவத்தைக் கூர்ந்து நோக்குங்கள். பெருமான் முயலகன்மேல் நிற்கின்றார். முயலகன் கிடக்கும் பீடம் இதழ் விரிந்த தாமரை. ஆணவமாகிய முயலகனும் அந்தத் தாமரையின் மேலேதான் இருக்கின்றான். அவனை அழுத்தும் திருவடியும் அங்கேதான் இருக்கின்றது. நம் நெஞ்சில் செருக்கு இருக்கின்றதே என்று அஞ்ச வேண்டுவதில்லை. திருவடியும் அங்கே ஊன்றியுள்ளதா என்பதே கேள்வி.

இதற்குச் சான்றாக விளங்குபவர் பூசலார் நாயனார். திருநின்றவூரில் வாழ்ந்த அவர் கோயில் கட்டப் பொருள் இன்றி, நெஞ்சிலேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் அதே நாளைக் குறிக்க, இறைவன் கனவில் தோன்றி, அன்பனின் ஆலயத்துக்குச் செல்ல இருப்பதால் வேறு நாள் கொள்க என்றருளினார். நெஞ்சத் தாமரை என்பது வெறும் உவமை அன்று. இறைவன் நாள் குறித்து வந்து எழுந்தருளும் இடம். கடலூர் மாவட்டத்து வடலூரில் 1872-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சத்திய ஞான சபை எண்கோண வடிவில் அமைந்திருப்பதும், அதனைத் தாமரை வடிவம் என்று அன்பர்கள் போற்றுவதும் ஈண்டு நினைக்கத் தக்கன.

குளம் காப்பதும் பூசையே

இவ்வளவும் கூறியபின் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. நெஞ்சத் தாமரையே உயர்ந்தது என்றால் நீர்த் தாமரையை மறந்துவிடலாம் என்று எவரும் கொள்ளற்க. புறத்தே கண்டதனாலேயே அகத்தே உவமை பிறந்தது. குளம் இல்லாத ஊரில் வளரும் குழந்தைக்குத் தாமரையிலைத் தண்ணீர் என்றால் என்ன விளங்கும்?

நம் முன்னோர் கோயில் எடுத்த இடமெல்லாம் குளமும் எடுத்தனர். தில்லையில் சிவகங்கை, திருவாரூரில் கமலாலயம், மதுரையில் பொற்றாமரை என அவற்றுட் சில தாமரையின் பெயரையே தாங்கின. குளங்கள் மழைநீரைத் தேக்கின, கிணறுகளுக்கு ஊற்றாயின. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர் மாவட்டத்தைச் சூழ்ந்த பெருவெள்ளத்தைக் கண்டவர்கள், நீரை ஏற்கும் ஏரியும் குளமும் வாய்க்காலும் தூர்ந்து போகாமல் இருப்பதன் அருமையை உணர்வர்.

இன்று ஊர்ப்புறக் குளங்கள் பலவற்றில் தாமரை இருந்த இடத்தில் வெங்காயத் தாமரை படர்ந்துள்ளது. பெயரில் தாமரை இருப்பினும் அது தாமரைக்கு எவ்வகையிலும் உறவு அன்று. தென் அமெரிக்காவில் தோன்றி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழகுச் செடியாக நம் நாட்டுக்கு வந்தது. அது நீர்ப்பரப்பை முழுதும் மூடிக்கொள்ளும்; கீழே ஒளி செல்லாது; மீனும் பிறவும் உயிர்ப்பின்றி மடியும். கழிவுநீர் கலக்கும் குளத்தில் அது மேலும் செழிக்கும். தாமரைக்கு வேண்டியது சேறு; சாக்கடை அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பெரும் பிழை. சேறு என்பது மண்ணும் நீரும் உதிர்ந்த இலையும் கலந்து உயிரை வளர்ப்பது. சாக்கடையோ நாம் வேண்டா என்று எறிந்தவை. சில இடங்களில் தூய்மை கருதிக் குளத்தின் அடியிலும் சிமெண்டுத் தளம் போட்டுவிடுகின்றனர். அங்கே சாக்கடையும் இல்லை, சேறும் இல்லை, ஆதலின் தாமரையும் இல்லை.

விழா முடிந்து திரும்பும்போது, தாமரை சுற்றி வந்த பாலித்தீன் பையைக் குளக்கரையில் எறிந்துவிட்டு வருபவர் நம்முள்ளும் உண்டு. மலரை இறைவன் திருவடியிலும், அம்மலரின் பிறப்பிடத்தில் குப்பையையும் இடுதல் எவ்வகை வழிபாடு? வண்டு தொடாத மலருக்காகப் புலிக்கால் வேண்டிய முனிவரின் ஊரில், மலர் பிறக்கும் நீரைக் காக்க நம் இரு கைகள் போதாவா? அப்பர் பெருமான் கையில் உழவாரப் படை ஏந்தித் திருக்கோயில் முன்றிலில் புல் செதுக்கினார். நாவினால் தாமரையைப் பாடிய அவரே கையினால் களை நீக்கினார் என்பதை மறத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறை அன்பர்கள் கூடித் தத்தம் ஊர்த் திருக்குளத்தில் வெங்காயத் தாமரையை அகற்றித் தூர் வாருவார்களாயின், அதுவும் உழவாரத் திருத்தொண்டே ஆகும். குளம் தெளிந்தால் தாமரைக் கிழங்கை நடுவதற்கு அதிக முயற்சி வேண்டியதில்லை. ஒரு கணு ஊன்றினால் அது தானே படரும்.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தில்லை செல்லும் அன்பர்கள் கையில் ஒரு தாமரை ஏந்திச் செல்க. செல்லும் வழியில் அம்மலரை ஒருகணம் உற்று நோக்குக. சேற்றில் ஊன்றியது, சேறு படாதது, குளிரிலும் உள்வெம்மை குறையாதது, மறைந்து கிடந்தாலும் உரிய காலத்தில் முளைப்பது. இந்நான்கும் நம் நெஞ்சுக்கும் வாய்க்க வேண்டும் என்று கூத்தப் பெருமானிடம் வேண்டிக்கொள்வோமாக. ஊர்க்குளத்தில் ஒரு தாமரையும், உள்ளக் குளத்தில் ஒரு தாமரையும் மலருமாறு வாழ்தலே புண்டரீகபுரத்து இறைவனுக்கு நாம் செய்யத்தக்க நிறைவான மலர்வழிபாடு ஆகும்.

திருச்சிற்றம்பலம்.